சந்தனம் வைத்த செட்டு

மகளே, நீ பயிற்சிக்காகச் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் பதிலுக்குப் பேசுவேன், சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதும் கடிதம் என்றதும், வாக்கி டாக்கியையும் வாழ்க்கையையும் முடிச்சுப் போட்டு, ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் கேட்க வேண்டும் என்று புத்தி சொல்லப்போகிறேன் என்று பயந்துவிடாதே. அந்த வேலையை உன் அப்பா கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துச் செய்துகொள்வார். நான் எழுதுவது உன் மாமனார் தோப்பு செட்டைப் பற்றியும், நேற்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்ததைப் பற்றியும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ராஜபாளையத்தில் வாக்கி டாக்கி வாடகைக்கு விடுகிறோம் என்றால் இன்னும் சில பேர் சிரிக்கிறார்கள். பஞ்சு மில்லும், தேர்த் திருவிழாவும், பெரிய கல்யாணங்களில் கார் நிறுத்தும் இடமும் இல்லாவிட்டால் நமக்குச் சோறு ஏது? பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்த உன் அப்பா ஆரம்பித்த கடை. அவருக்கு முழங்கால் போன பிறகு செட்டைத் திறந்து பார்ப்பது, கம்பத்தில் ஏறி ஆண்டெனா கட்டுவது எல்லாம் உன் கைக்கு வந்தது. என் பங்கு சார்ஜ் போடுவதும், கொடுத்ததைத் திரும்ப வாங்குவதும், உடைத்துக்கொண்டு வருகிறவர்களோடு சண்டை போடுவதும். அந்தக் கடைசி வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று தெருவே சொல்லும். கடையில் அப்படிப் பேசுகிற நான் மற்ற இடத்தில் எப்படி இருந்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் மாமனார் முதலில் நமக்கு வாடகைக்காரர்தான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தோப்பு கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில். தென்னையும் மாவும் தின்ன யானை இறங்கும் இடம். மேற்கு வரப்பில் ஒரு காவல்காரர், கீழே மோட்டார் அறையில் ஒரு ஆள், நடுவில் பேசிக்கொள்ள நம் செட்டு. மோட்டார் அறை ஓரத்தில் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டுவதற்கு நீ இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினாய். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "யாத்தே, எம்புட்டு தைரியம் இந்தப் பிள்ளைக்கு! என் மவன் தென்னங்குருத்த பாத்தாலே தல சுத்துதும்பான்" என்றார். கொஞ்ச நாளில் அதே மகனுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான பையன், உனக்கும் பிடித்திருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்று வாடகை பாக்கி வைத்திருந்த ஒருத்தனைக்கூடத் திட்டாமல் அனுப்பினேன்.

ஆவணியில் நிச்சயம். தட்டு மாற்றி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது உன் மாமனார் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்குப் பொறவு இந்தக் கம்பத்துல ஏறுற சோலியெல்லாம் வேண்டாம்மா. நம்ம வீட்டுப் பொம்பளைய யாரும் வெளிய போயி சம்பாதிக்கணும்னு இல்ல. வீட்டுல ராணி மாதிரி இரு." ஏறியதைப் பார்த்துப் பெண் கேட்டவர், பெண் கிடைத்ததும் ஏறாதே என்கிறார். நீ என்னைப் பார்த்தாய். நான் என் இலையைப் பார்த்தேன். உன் அப்பா, "அதெல்லாம் பாத்துக்கிடலாம் சம்பந்தி" என்று சிரித்தார். பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது. பெண் வீட்டார் பதில் பேசக் கூடாது என்று எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு நீ வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் "அடுத்த வருசம் அந்த மில்லுக்கு இப்படிச் செய்யணும்" என்று பேசுவதை விட்டுவிட்டாய். கேட்டால் "பாப்போம்" என்றாய். குரலும் இறங்கிவிட்டது. கல்யாணக் களை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

ஆயுத பூசை கழிந்து, அடைமழை தொடங்கும் சமயத்தில் உன் மாமனார் இரண்டு செட்டையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். "சம்பந்தி, பேச்சே கேக்க மாட்டேங்கு. மேல இருக்கவன் யானையக் கண்டுட்டு கூப்பிட்டிருக்கான், கீழ கரகரன்னு கேட்டிருக்கு, அம்புட்டுத்தான். கடைசியில ஓடியாந்து சொல்லியிருக்கான். பவரக் கூட்டிக் குடுங்க." சம்பந்தி கேட்டு இல்லை என்பதா? உன் அப்பா, "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்று வாயெடுத்தார். நீ கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்காமல், "முடியாது மாமா" என்றாய். காப்பித் தம்ளரோடு நடுக்கடையில் அப்படியே நின்றேன்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல மாட்டி ஒரு அமுக்கு அமுக்குனா கூடும்லா? தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னானே?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "கூடும் மாமா. ஆனா லைசென்ஸ்ல நமக்குக் குறிச்ச அளவு இதுதான். அதுக்கு மேல கூட்டுனா பேட்டரி சீக்கிரம் படுத்துரும், செட்டு கொதிக்கும், பக்கத்து அலைவரிசையில பேசுறவிய காதுல நம்ம இரைச்சல் போயி விழும். அடுத்த தோப்புக்காரன் யானைய பாத்துக் கூப்பிடும்போது நம்ம சத்தம் அவன் வாய அடைச்சிரக் கூடாதுல்லா? அதோட, பலத்த ரெண்டு மடங்காக்குறதவிட ஆண்டெனாவ கொஞ்சம் ஒசத்திக் கட்டுனாலே தூரம் கூடக் கிடைக்கும். போன மாசம் வரைக்கும் இதே அளவுலதான கேட்டுச்சு? ஏன் குறைஞ்சதுன்னு மொதல்ல பாப்போம்." அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் போன மாதம் கேட்டது உண்மைதானே, அதனால் "சரி, வந்து பாரு" என்றார்.

மறுநாள் தோப்பில் நடந்ததை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். நீயும் நானும் போனோம். உன் மாமியார், என் மதினி, தூக்குவாளியில் இட்லியோடு வந்திருந்தார். நீ காவல்காரர் கைச் செட்டின் குட்டை ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மீட்டரை மாட்டினாய், முள் குறித்த இடத்தில் போய் நின்றது. மீட்டரை நடுவில் வைத்து ஆண்டெனாவையும் சேர்த்து மாட்டியதும் முள் பாதிக்கும் கீழே விழுந்தது. "செட்டு நல்லாத்தான் இருக்கு, சேருற எடத்துலதான் கோளாறு" என்று ஆண்டெனாவின் அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாய். திருகு மரைக்குள்ளும் நடுக்குழியிலும் காய்ந்துபோன சந்தனம், மேலே குங்குமம். உன் மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "ஆயுத பூசைக்கு அருவா, மம்பட்டி எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டாரச் சொன்னா. இதையுமா கழத்திப் பொட்டு வச்ச?" நம் கடையிலும் நான் செட்டுக்குப் பொட்டு வைக்கிறேன், முதுகில் வைப்பேன். கழற்றித் துடைத்துக் குழிக்குள்ளும் வைக்கிற அளவு பக்தி எனக்கு இல்லை.

மதினி பின்னால் நின்று, பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "நான் வச்ச பொட்டாலயா ஆத்தா பேச்சுப் போகல? அது ஆயுதம்லா, அதான் வச்சேன்" என்றார். "ஒன்ன யாரு கேட்டா?" என்றார் உன் மாமனார். மதினி இரண்டடி பின்னால் போய்விட்டார். நீதான், "அத்தை, இங்க வந்து உக்காருங்க" என்று மோட்டார் அறைப் படியில் இடம் ஒதுக்கினாய். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே அவருக்குச் சொன்னாய்: "சாம்பார் கொதிக்கையில ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு ருசி பாப்பிய இல்லையா அத்தை? அதே மாதிரி, ஆண்டெனாவுக்குப் போற வழியில ஒரு சொட்டுப் பலத்த கிள்ளி எடுத்து செட்டே பாத்துக்கிடும். குறிச்ச அளவவிடக் கூடுனா உள்ள பலத்தக் கூட்டித் தார பாகத்துக்குக் குறைன்னு சொல்லும், குறைஞ்சா கூட்டுன்னு சொல்லும். பேட்டரி கொஞ்சம் இறங்குனாலும் வெளிய போறது ஒரே அளவா நிக்கும். ஆனா போற பலம் சேர வேண்டிய எடத்துல சேராட்டி, அப்பிடியே திரும்பி உள்ள வரும். திரும்பி வந்தா சூடு. சூடு மிஞ்சுனா உள்ள இருக்க டிரான்சிஸ்டர் கருகிரும். அதனால திரும்பி வாரதக் கண்டதும் செட்டு தன் பலத்த தானே குறைச்சுக்கிடும். பொழச்சுக் கெடக்கணும்லா?"

மதினி அந்தச் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது மேல குத்தம் இல்ல?" என்று கேட்டார். "இல்ல அத்தை" என்றாய். உன் மாமனாரும் கோபம் தணிந்து, "அப்ப பட்டன அமுக்குன ஒடனே பேசாதே, ஒரு மூச்சு பொறுத்துப் பேசுன்னு சொல்லுதியே, அது எதுக்கு?" என்று கேட்டார். உனக்குத்தான் யாராவது கேட்டால் போதுமே. "அலைய உண்டாக்குற எடத்த சும்மா விட்டா வெயிலுக்கு ஒரு பக்கம் பனிக்கு ஒரு பக்கம் நகந்துக்கிட்டே இருக்கும் மாமா. பக்கத்துல ஒரு சின்ன கிரிஸ்டல் இருக்கும், அது லேசுல நகராது. வெயிலுக்கு அது மயிரிழை நகந்தாலும், சூட்ட பாத்து செட்டே திருத்திக்கிடும். அலையையும் கிரிஸ்டலையும் ஒத்துப் பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒத்து நின்னா லாக் ஆயிருச்சுன்னு அர்த்தம். லாக் ஆகாம ஆண்டெனாவுக்குத் துளி பலங்கூட விடாது. விட்டா ஊரான் அலைவரிசையில எல்லாம் போயி விழும்" என்றாய். பிறகு ஆண்டெனாவை மாட்டிக் காவல்காரர் கையில் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, கீழே இருந்து கூப்பிட்டுப் பார்த்தாய். மேற்கு வரப்பிலிருந்து காவல்காரர் குரல் பக்கத்தில் நிற்பவர் போல வந்தது. "சந்தனத்துக்கு இம்புட்டு சக்தியா" என்று உன் மாமனாரும் சிரித்துவிட்டார். எல்லோரும் இட்லி சாப்பிட்டோம்.

நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்னால் வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். லைன் சரியில்லாத நாளில் பம்பாய்க்கும் டில்லிக்கும் வாடிக்கையாளருக்காக நானே கத்திப் பேசிச் செய்தி சொல்வேன். தெரு முழுக்கக் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அப்பா எல்லையில் இருந்தார், நான் பெரிய குடும்பத்தில் இருந்தேன். உலை வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், "பூத்துல பேசுன வாயில்லா" என்று திரும்பி வரும். மேலே படிக்கட்டுமா என்று கேட்டால், "இங்க யாரு கலெக்டரு வேலைக்குப் போகணும்" என்று திரும்பி வரும். அடித்தார்கள், கொடுமைப்படுத்தினார்கள் என்று பழி சொல்ல மாட்டேன், நல்ல மனுஷர்கள்தான். சொன்னது எல்லாம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். இருக்கிற இடம் தெரியாத மருமகள் என்று உறவில் பெயர் வாங்கினேன். அதை மெடல் போல நினைத்து இத்தனை வருஷம் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். கடையில் வாடகைக்காரனிடம் கத்தியது எல்லாம் மிச்சம் இருந்த பலம் போலிருக்கிறது. அன்று படியில் நீ சொன்னதைக் கேட்ட பிறகுதான், ஆவணியிலிருந்து உன் குரல் ஏன் இறங்கிக் கிடக்கிறது என்று எனக்கு உறைத்தது. எனக்கு அழுகையாக வந்தது, தூக்குவாளியைக் கழுவப் போகிற மாதிரி தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

அங்கேயே பேசியிருக்கலாம். பேசவில்லை. உள்ளுக்குள் கோபமும் பயமும் இழுத்துக்கொண்டிருந்தன, அந்த நிலையில் வாய் திறந்திருந்தால் சொல்ல வேண்டியவரை விட்டுவிட்டு உன் அப்பாவையும் உன்னையும்தான் பொரிந்து தள்ளியிருப்பேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? மார்கழி பிறந்து, நீ சென்னைக்குப் போனாய், பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கிற சாக்கில் நேற்று நான் தனியாகப் பஸ் ஏறினேன். அவர்கள் தெருமுனையில் ஒரு கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்பது மனதில் ஒரே வாக்கியமாக நின்ற பிறகுதான் வாசல் ஏறினேன்.

"வாங்க தங்கச்சி, சம்பந்தி வரலியா?" என்றார் உன் மாமனார். "அவியளுக்கு முட்டு வலி அண்ணாச்சி. பத்திரிகை வந்திருச்சு. குடுக்கதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசணும்" என்றேன். உட்காராமலே சொன்னேன்: "என் மவ கல்யாணத்துக்குப் பொறவும் கம்பத்துல ஏறுவா, கடைக்கு வருவா. அது அவ சோலி. நிச்சயத்தன்னைக்கு நீங்க வேண்டாம்னப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். சம்மதம்னு நெனச்சிருப்பிய. சம்மதம் இல்ல அண்ணாச்சி." "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? மருமவ இனிமே ஏற மாட்டான்னு நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே" என்றார். "நாலு பேரும் உங்க தோப்புக்கு ஆண்டெனா கட்ட வர மாட்டாவ" என்றேன். "வெளையாட்டா பேசாதிய. விழுந்து கிழுந்து வச்சா? வயித்துல ஒரு புள்ள உண்டானா?" என்றார். அந்தப் பயம் நிஜம், அதை நான் குறை சொல்லவில்லை. "ஏறக் கூடாத அன்னைக்கு அவளே எறங்கி நிப்பா. அத அவதான் சொல்லணும். நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது" என்றேன். "முடியாதுன்னா?" என்று கேட்டார். "பத்திரிகைய திருப்பிக் கொண்டு போறேன்" என்றேன். குரலைக் குறைக்காமல் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அப்போது அடுப்படி வாசலில் இருந்து, "அவ ஏறட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. மதினி, கையில் காப்பித் தட்டோடு. "நீ உள்ள போ" என்றார் உன் மாமனார். மதினி போகவில்லை. தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "உள்ளதான இருக்கேன் இம்புட்டு வருசமா. அந்தப் பிள்ள அன்னைக்குப் படியில உக்கார வச்சு எனக்கு ஒவ்வொண்ணா சொல்லுச்சு. இந்த வீட்டுல யாரும் எனக்கு ஒண்ணையும் அப்பிடிச் சொன்னதில்ல. அவளையும் வீட்டுல ஒக்கார வச்சா என்ன மாதிரி ஆயிருவா. வேண்டாம்" என்றார். உன் மாமனார் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "ஏறட்டும். அந்தப் பெல்ட்டு நைஞ்சு கெடக்கு, புதுசு வாங்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "என்னக் கேக்காமலா போன?" என்று முதலில் குதித்தார். பிறகு, "நானே போயிப் பேசணும்னுதான் இருந்தேன்" என்றார். "ஆமா, இருந்திய, இருந்துக்கிட்டே இருந்திய" என்றேன். இன்று காலையிலிருந்து பெல்ட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் சரியாக இல்லை. உன்னைக் கேட்காமல் உன் கல்யாணத்தைப் பணயம் வைத்ததற்கு நீ என்னோடு சண்டை போடலாம், போட உனக்கு உரிமை உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட உனக்கே விருப்பம் என்றால் அதையும் நீயே சொல்ல வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையிடமும் பேசு. நிச்சயத்தன்று அவரும் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார், ஏன் பேசவில்லை என்று கேள். கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேள்.

நேற்று மதினி என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பழையபடி காற்றாய்ப் போன குரலில், "அப்பிடிப் பேசிட்டேனே மதினி, தப்பா?" என்று கேட்டார். தப்பே இல்லை என்று நான் சொன்னேன், ஆனால் பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த வீட்டுக்குள் திரும்பிப் போனவர் அவர்தான். இனி அங்கே இருக்கப்போகிறவள் நீ. அவர் பேசும்போது யாராவது மறுபடி "உள்ள போ" என்று சொன்னால், நீ எழுந்து அவர் பக்கத்தில் போய் நில்.